கோல்டன் கேட் பாலத்தைக் காலால் நடந்து பார்க்க: பினாங்கிலிருந்து செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பெருநிலக் கரையில் உள்ள செபராங் பிறையில் வீடும் பினாங்குத் தீவில் வேலையுமாக இருக்கும் எங்களைப் போன்றவர்கள் பினாங்குப் பாலத்தை எத்தனை ஆயிரம் முறை கடந்திருப்போம் என்று கணக்கு வைத்ததில்லை. ஆனாலும் அந்தப் பாலத்தின் நடுவில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே ஓடும் நீரைப் பார்த்தவர்கள் நம்மில் மிகச் சிலரே. 1985 இல் திறக்கப்பட்ட அந்த 13.5 கிலோமீட்டர் பாலம் வாகனங்களுக்கு உரியது. மராத்தான் ஓட்டம் நடக்கும் நாளைத் தவிர மற்ற நாள்களில் அதில் நடக்க வழியில்லை. பாலம் என்றால் காருக்குள் இருந்தபடியே பார்த்துக் கடந்துபோவது என்று நமக்குப் பழகிவிட்டது. சான் பிரான்சிஸ்கோவுக்குச் செல்லும் நம்மவர்கள் பலர் அதே பழக்கத்தோடு கோல்டன் கேட் பாலத்துக்கும் போகிறார்கள். சுற்றுலாப் பேருந்து நிறுத்தும் பதினைந்து நிமிடத்தில் ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அவ்வளவு தூரம் பறந்து போனவர்களுக்கு இது பெரிய இழப்பு என்பதால்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பாலத்தைக் கீழிருந்து ஒரு முறை பார்க்க வேண்டும், அதன் மேல் நடந்து பார்க்க வேண்டும், பிறகு எதிர்க்கரை மேட்டிலிருந்தும் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு முழு நாளை ஒதுக்கிவிடுங்கள்.

புறப்படுவதற்கு முன்

மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் அமெரிக்கா செல்ல விசா பெற வேண்டும். அதற்கான நேர்காணல் கோலாலம்பூரில், ஜாலான் துன் ரசாக்கில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தில் நடைபெறும். பினாங்கிலிருந்து அதற்கென்றே ஒருமுறை போய்வர வேண்டியிருப்பதாலும், நேர்காணலுக்கு நாள் கிடைப்பது சில காலங்களில் மிகவும் தாமதமாவதாலும், விமானச் சீட்டுக்கு முன்பே இந்த வேலையை முடித்துக்கொள்வது நல்லது. பினாங்கிலிருந்து நேரடி விமானம் இல்லை. சிங்கப்பூர் வழியாகச் சென்றால் அங்கிருந்து இடைநில்லாமல் சான் பிரான்சிஸ்கோ போய்ச் சேரலாம்.

எந்த மாதம் போவது என்ற கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன் பனிமூட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கோடை என்றால் வெயில் என்று எண்ணி ஜூன், ஜூலை மாதங்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் அங்கே ஏமாந்து போகிறார்கள். கலிபோர்னியாவின் உட்பகுதியில் உள்ள பெரும் பள்ளத்தாக்கு கோடையில் கொதிக்கிறது. அங்கே சூடேறிய காற்று மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலின் குளிர்ந்த ஈரக்காற்று உள்ளே பாய்கிறது. கரையோர மலைத்தொடரில் அந்தக் காற்று நுழைவதற்கு இருக்கும் பெரிய வாசல், பாலம் நிற்கும் அதே நீரிணைதான். ஆகவே உள்நாட்டில் வெயில் ஏற ஏற, பாலத்தின் மேல் மூட்டமும் அடர்த்தியாகிறது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இந்த இழுப்பு குறைந்து வானம் தெளிகிறது. மாதத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தவர்கள் அந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

பள்ளி விடுமுறையை ஒட்டித்தான் போக முடியும் என்பவர்கள் மனம் தளர வேண்டாம். நாங்கள் முதல் முறை ஜூலை மாதத்தில், அத்தையையும் அழைத்துக்கொண்டு போனோம். காலை பத்து மணிக்குப் பாலத்தருகே இறங்கியபோது கோபுரங்களையே காணவில்லை. சாலை மட்டும் வெண்மைக்குள் நுழைந்து மறைந்துகொண்டிருந்தது. அத்தை நூல்சேலைக்கு மேல் ஒரு துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு, காலில் செருப்போடு நடுங்கிக்கொண்டு நின்றார். பத்து நிமிடத்தில் திரும்பிவிட்டோம். மறுநாள் பிற்பகல் நான்கு மணிக்கு வடகரை மேட்டுக்குப் போனபோது, மூட்டம் பாலத்தின் தளத்தை மூடியிருக்க, இரண்டு கோபுரங்களின் தலைகள் மட்டும் செந்நிறத்தில் வெயிலில் நின்றன. வெயில் நாளில் அந்தக் காட்சி கிடைக்காது. எனவே கோடையில் செல்பவர்கள் பாலத்துக்கு என்று ஒரே நாளை வைத்துக்கொள்ளாமல், மாற்று நாள் ஒன்றையும் கையில் வைத்திருக்க வேண்டும். கேமரன் மலைக்கு எடுத்துச் செல்லும் ஸ்வெட்டர் இங்கே போதாது. காற்றை உள்ளே விடாத மேலாடை, காதை மூடும் தொப்பி, கட்டிய காலணி ஆகிய மூன்றும் வயதானவர்களுக்கு அவசியம். கம்பளியை விடக் காற்றுத் தடுப்பு முக்கியம் என்பதை நினைவில் வையுங்கள், ஏனெனில் அங்கே நம்மை வாட்டுவது காற்றுதான்.

நேர வேறுபாட்டையும் உங்களுக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். கோடையில் மலேசியா 15 மணி நேரமும், குளிர்காலத்தில் 16 மணி நேரமும் முன்னால் இருக்கிறது. போய்ச் சேர்ந்த முதல் சில நாள்களில் விடியற்காலை மூன்று மணிக்கே பலருக்கு விழிப்புத் தட்டிவிடும். படுக்கையில் புரளுவதை விட, கிளம்பிக் கிழக்கு வெளுக்கும் நேரத்தில் பாலத்தருகே இருப்பது மேல். அந்த நேரத்தில் நடைபாதையில் கூட்டம் இருக்காது.

முதலில் கீழே

நகரிலிருந்து முனி என்னும் நகரப் போக்குவரத்து நிறுவனத்தின் 28 ஆம் எண் பேருந்து பாலத்தின் தென்முனைச் சதுக்கத்துக்கே போகும். நடக்க இயலாதவர்கள் அதிலேயே இறங்கலாம். மற்றவர்கள் முன்னரே இறங்கிக் கிரிஸி ஃபீல்டு என்னும் கடற்கரைத் திடலிலிருந்து மேற்கு நோக்கி நடக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். முன்பு விமானத்தளமாக இருந்த இடம் அது. இப்போது புல்வெளியும் மணற்கரையுமாக இருக்கிறது. நடக்க நடக்கப் பாலம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டே வரும். கோபுரம் நீர்மட்டத்திலிருந்து 227 மீட்டர் உயரம், அதாவது ஜார்ஜ்டவுனில் உள்ள நம் கொம்தார் கோபுரக் கட்டடத்தின் உயரத்தை நெருங்கும் அளவு என்று எண்ணால் சொன்னால் மனத்தில் பதியாது. இந்த நடையில் அது தானாகவே பதிந்துவிடும்.

வழியின் முடிவில் ஃபோர்ட் பாயிண்ட் என்னும் செங்கற்கோட்டை நிற்கிறது. 1853 முதல் 1861 வரை கட்டப்பட்டது. பாலத்துக்கான முதல் திட்டத்தில் இந்தக் கோட்டையை இடித்துவிடுவதாக இருந்தது. தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ் அதன் அழகிய செங்கல் வேலையைப் பார்த்து, கோட்டையின் தலைக்கு மேலே ஓர் எஃகு வளைவை அமைத்துப் பாலத்தைக் கடத்தினார். ஒரு பொருளைக் கட்டும்போது பழையதைக் காப்பாற்ற இவ்வளவு பாடுபட்டார்களே என்பது ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளுக்கிடையே வளர்ந்த நமக்கு நெஞ்சைத் தொடும். கோட்டை எல்லா நாளும் திறந்திருப்பதில்லை என்பதால் முன்கூட்டியே நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்; உள்ளே செல்லக் கட்டணம் இல்லை. மூடியிருந்தாலும் வெளியே நின்று அண்ணாந்து பார்த்தால் பாலத்தின் அடிவயிறு தெரியும். சாலையைத் தாங்கும் எஃகுச் சட்டகம் எப்படிக் குறுக்கும் நெடுக்குமாகக் கோக்கப்பட்டிருக்கிறது என்பதை வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் காண முடியாது. அங்குள்ள கம்பிவேலியில் இரு உள்ளங்கைகள் வரைந்த சிறு பலகை ஒன்று மாட்டப்பட்டிருக்கும். கரையோரம் ஓட்டப்பயிற்சி செய்பவர்கள் அதைத் தொட்டுவிட்டுத்தான் திரும்புவார்கள். நீங்களும் தொட்டுவிட்டு, பக்கத்திலுள்ள படிகளும் மேட்டுப்பாதையுமான வழியில் ஏறிச் சதுக்கத்துக்கு வரலாம்.

சதுக்கத்தில் நினைவுப்பொருள் கடையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் அங்கே வைக்கப்பட்டிருக்கும், பாலத்தைத் தாங்கும் பெருவடத்தின் குறுக்குவெட்டு மாதிரியின் முன் நில்லுங்கள். ஏறத்தாழ 92 சென்டிமீட்டர் விட்டமுள்ள அந்த வட்டத்தைக் கட்டிப்பிடிக்க இருவர் கைகோக்க வேண்டும். அதை ஒரே உருட்டுக் கம்பி என்று நினைத்துவிடாதீர்கள். பென்சில் அளவே தடிமனுள்ள 27,572 கம்பிகளை அடுக்கி, இறுக்கி, மேலே சுற்றிக் கட்டியது அது. இரண்டு வடங்களிலும் உள்ள கம்பியை நீட்டினால் சுமார் 1,29,000 கிலோமீட்டர் வரும். பூமியை மூன்று முறை சுற்றியும் மிஞ்சும்.

நம் பாலத்துக்கும் அந்தப் பாலத்துக்கும் உள்ள வேறுபாட்டை இந்த இடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். பினாங்குப் பாலத்தின் நடுப்பகுதியில் கோபுரத்திலிருந்து விசிறிபோல் சாய்வாக இறங்கும் வடங்கள் நேராகச் சாலைத்தளத்தையே பிடித்துக்கொண்டிருக்கின்றன. கோல்டன் கேட் தொங்கு பாலம். துணி காயப்போடும் கொடியை இரண்டு கம்பங்களின் மேல் போட்டு, இரு நுனிகளையும் தரையில் முளையடித்துக் கட்டியது போல, பெருவடம் இரண்டு கோபுரங்களின் தலைமேல் ஏறி இறங்கி, இரு கரைகளிலும் பெரிய கான்கிரீட் கட்டுமானங்களுக்குள் நங்கூரமாகிறது. அந்த வடத்திலிருந்து செங்குத்தாக இறங்கும் கம்பிவடங்களில் சாலை தொங்குகிறது. இதனால்தான் கோபுரங்களுக்கு இடையே 1,280 மீட்டர் தூரத்தைத் தூணே இல்லாமல் தாண்ட முடிந்தது. நம் பாலத்தின் நடுக்கண், அதாவது நடுக் கோபுரங்களுக்கு இடையே உள்ள தூரம், 225 மீட்டர். 1937 இல் திறக்கப்பட்டதிலிருந்து 1964 வரை உலகின் மிக நீளமான தொங்கு பாலக் கண் கோல்டன் கேட் பாலத்தினுடையதாகவே இருந்தது.

பாலத்தின் மேல்

நடப்பவர்களுக்கு உரியது கிழக்குப் பக்க நடைபாதை, அதாவது நகரமும் விரிகுடாவும் தெரியும் பக்கம். கட்டணம் எதுவும் கிடையாது. இரவில் கதவை மூடிவிடுவார்கள், குளிர்காலத்தில் இன்னும் முன்னதாகவே மூடுவார்கள் என்பதால், மாலையில் தொடங்குபவர்கள் வாசலில் உள்ள நேரப் பலகையைப் பார்த்துவிட்டு நடக்கவும். பாலத்தின் மொத்த நீளம் 2,737 மீட்டர். நின்று பார்த்துக்கொண்டே போனால் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஒரு மணி நேரம் ஆகும். பாலத்தின் மேல் கழிப்பறை இல்லை. தென்முனைச் சதுக்கத்தில் முடித்துக்கொண்டால் அடுத்தது வடமுனையில்தான். சில நேரங்களில் மிதிவண்டிகளும் இதே பாதையில் வரும். படம் எடுப்பதற்காகத் திடீரென்று பின்னால் நகர்வது ஆபத்து. பிள்ளைகளைக் கைப்பிடிப் பக்கமாக நடக்கவிட்டு, பெரியவர்கள் உட்பக்கமாக நடப்பது நல்லது.

முதல் கோபுரத்தை அடைந்ததும் நில்லுங்கள். அங்கே நடைபாதை கோபுரத்தைச் சுற்றி வெளியே வளைந்து போகிறது. எஃகுத் தகடுகளைப் பொருத்தியிருக்கும் ரிவெட் என்னும் தறையாணிகளின் தலைகள் உள்ளங்கைக்கு எட்டும் உயரத்தில் வரிசை வரிசையாக இருக்கும். ஒவ்வொரு கோபுரத்திலும் இப்படிச் சுமார் ஆறு லட்சம். பலமுறை பெயின்ட் பூசிப் பூசி அவற்றின் விளிம்பு மழுங்கியிருக்கிறது. கையை வைத்தால் எஃகின் குளிர்ச்சி மணிக்கட்டு வரை ஏறும்.

நிறத்தைப் பற்றி அத்தை கேட்ட கேள்வி பலருக்கும் எழும். “தங்க வாசல்னு சொன்னீங்க, இது செங்கல் மாதிரி இருக்கே தம்பி?” என்றார். பெயர் பாலத்தினுடையது அன்று, நீரிணையினுடையது. 1846 இல் ஜான் பிரிமாண்ட் என்பவர் அதற்குக் கோல்டன் கேட் என்று பெயரிட்டார். கலிபோர்னியாவில் தங்கம் கண்டெடுக்கப்படுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே வைத்த பெயர் அது. நிறத்துக்கு வேறு கதை இருக்கிறது. எஃகு வந்து இறங்கியபோது துருப்பிடிக்காமலிருக்க அதன்மேல் செம்மஞ்சள் அடிப்பூச்சு இருந்தது. கட்டடக்கலைஞர் இர்விங் மாரோ அந்த நிறம் பின்னணி மலைகளோடும் கடலோடும் எவ்வளவு பொருந்துகிறது என்பதைக் கண்டு, அதைச் சார்ந்த ‘இன்டர்நேஷனல் ஆரஞ்சு’ நிறத்தையே நிலையாகப் பூசச் செய்தார். கறுப்பிலும் மஞ்சளிலும் பட்டை பட்டையாகப் பூச வேண்டும் என்று கடற்படை விரும்பியதாம். நல்லவேளை, அது நடக்கவில்லை.

தென் கோபுரத்தில் சார்லஸ் எல்லிஸ் என்ற பொறியாளருக்கு ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. தவறாமல் படியுங்கள். இந்தப் பாலத்தின் கணக்குகளைப் பெரும்பகுதி போட்டவர் அவர். கணினி இல்லாத காலத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்து கணக்கிட்டவரை, ஸ்ட்ராஸ் 1931 இல் வேலையிலிருந்து நீக்கினார். திறப்புவிழாவில் அவர் பெயர் எங்கும் இல்லை. 70 ஆண்டுகள் கழித்து 2007 இல்தான் பாலத்தின் நிர்வாகம் அவருடைய பங்கை முறையாக ஏற்றுக்கொண்டது. சதுக்கத்தில் ஸ்ட்ராசுக்குச் சிலை நிற்கிறது. அந்தச் சிலையோடு படம் எடுத்துக்கொள்பவர்கள் இந்தப் பலகையின் முன்னும் ஒரு நிமிடம் நிற்பது நியாயம்.

உழைத்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலை நடந்தபோது பாலத்தின் அடியில் பாதுகாப்பு வலை கட்டியிருந்தார்கள். அதில் விழுந்து 19 பேர் உயிர் பிழைத்தார்கள். ஆனால் 1937 பிப்ரவரி 17 அன்று சாரம் ஒன்று முறிந்து விழுந்து அந்த வலையையே கிழித்துக்கொண்டு போனதில் ஒரே நாளில் 10 பேர் மாண்டார்கள். கட்டுமானக் காலத்தில் இறந்தவர்கள் மொத்தம் 11 பேர். இன்று கைப்பிடிக்குக் கீழே எட்டிப் பார்த்தால் எஃகு வலை ஒன்று தெரியும். வாழ்க்கை வெறுத்து வருபவர்களைக் காப்பதற்காக நெடுங்காலக் கோரிக்கைக்குப் பின் அமைக்கப்பட்டு, 2024 தொடக்கத்தில் நிறைவு பெற்றது அது. பிள்ளைகள் கேட்டால் மறைக்காமல், அவர்கள் வயதுக்கேற்பச் சொல்லலாம்.

பாலத்தின் நடுப்பகுதிக்கு வரும்போது, கோபுரத்தருகே தலைக்கு மேல் எங்கோ இருந்த பெருவடம் தாழ்ந்து தாழ்ந்து நம் பக்கத்திலேயே வந்துவிடும். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். செங்குத்தாகத் தொங்கும் கம்பிவடம் ஒன்றைக் கையால் சுற்றிப் பிடித்துப் பாருங்கள், விரல் நுனிகள் சேர்வது கடினம். பேருந்து ஒன்று கடக்கும்போது அந்த வடத்தில் மெல்லிய அதிர்வு ஓடுவது உள்ளங்கையில் தெரியும். காலடியில் தளமும் லேசாக அசையும். முதல் முறை உணர்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும், ஆனால் அஞ்சத் தேவையில்லை. வளைந்து கொடுக்கும்படியே இதைக் கட்டியிருக்கிறார்கள். கடுங்காற்றில் நடுப்பகுதி பக்கவாட்டில் 8 மீட்டருக்கு மேல் நகர்ந்தாலும் தாங்கும். 1987 இல் 50 ஆம் ஆண்டு விழாவுக்குச் சுமார் மூன்று லட்சம் பேர் ஒரே நேரத்தில் மேலே ஏறியதில், நடுவே மேல்நோக்கி வளைந்திருக்கும் தளம் தட்டையாகிப் போனது. அப்போதும் பாலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

கீழே 67 மீட்டர் ஆழத்தில் நீர் சுழித்து ஓடும். ஓக்லண்டு துறைமுகத்துக்குச் செல்லும் சரக்குக் கப்பல் ஒன்று அந்த நேரத்தில் வந்தால் உங்களுக்கு நல்ல காலம். பட்டர்வொர்த் துறைமுகத்தில் கப்பலைப் பக்கவாட்டில் பார்த்தே பழகிய நமக்கு, ஒரு கப்பலின் முழு முதுகையும் கொள்கலன் அடுக்குகளோடு நேர்மேலிருந்து பார்ப்பது புதிய அனுபவம். அமைதியான நாளில் சிறுவகை ஓங்கில்கள் நீர்மேல் முதுகு காட்டி மறைவதையும் காணலாம். வலப்பக்கம் அல்காட்ராஸ் தீவும் நகரமும் தெரியும். மூட்ட நாளில் இவை எதுவும் தெரியாது. அதற்குப் பதில், பாலத்தின் நடுவிலும் தென் கோபுரத்தின் அடியிலும் பொருத்தியிருக்கும் மூட்ட ஊதுகொம்புகள் வெவ்வேறு சுருதியில் மாறி மாறி ஒலிப்பதைக் கேட்கலாம். அந்த ஒலி காதில் விழும் முன்பே நெஞ்சில் தட்டும்.

எதிர்க்கரையும் திரும்பும் வழியும்

வடமுனையில் உள்ள பார்வைத் திடலோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். கால் ஒத்துழைத்தால், சாலையின் மேற்குப் பக்கம் ஏறிச் செல்லும் கான்செல்மன் சாலை வழியாகப் பேட்டரி ஸ்பென்சர் என்னும் பழைய பீரங்கித் தளம் வரை போய்விடுங்கள். நாள்காட்டிகளில் நாம் பார்க்கும் படம், அதாவது கோபுரமும் வடமும் முன்னால் எழுந்து நிற்க அவற்றின் பின்னே நகரம் தெரிவது, பெரும்பாலும் இங்கிருந்து எடுத்ததுதான். பிற்பகல் வெயில் மேற்கிலிருந்து பாலத்தின் மேல் விழுவதால் இந்த இடத்தை நாளின் பிற்பகுதிக்கு வைத்துக்கொள்வது சிறப்பு.

வாடகைக் கார் எடுப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். சான் பிரான்சிஸ்கோவை நோக்கித் தெற்கே வரும்போது மட்டும் பாலக் கட்டணம் உண்டு. அதை வசூலிக்கும் சாவடியில் ஆள் கிடையாது, எல்லாம் மின்னணு முறைதான். எனவே கட்டணத்தை எப்படிச் செலுத்துவது என்று கார் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்ததாக, பார்வைத் திடல்களில் கார்க் கண்ணாடியை உடைத்துப் பை திருடுவது அங்கே அடிக்கடி நடக்கிறது. கடப்பிதழையும் பையையும் காரில் விட்டுவிட்டு இறங்கவே கூடாது. தென்கரையில் பாலத்துக்கு மேற்கே உள்ள பேக்கர் கடற்கரையும் அழகிய இடம்தான். ஆனால் அதன் வடகோடியில் ஆடையின்றிக் குளிப்பவர்கள் இருப்பார்கள் என்பதால், குடும்பத்தோடு செல்பவர்கள் தென்பகுதியிலேயே இருந்துவிடலாம்.

திரும்புவதற்கு வந்த வழியே நடக்கத் தேவையில்லை. வடகரையிலிருந்து சாலை இறக்கமாகச் சாசலிட்டோ என்னும் சிற்றூருக்குப் போகிறது. மிதிவண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் நகரின் மீனவர் துறைப் பகுதியில் வண்டியை வாடகைக்கு எடுத்துப் பாலத்தைக் கடந்து அங்கே இறங்குவது வழக்கம்; மற்றவர்கள் பாலத்தைக் கடக்கும் பேருந்திலோ வாடகைக் காரிலோ போகலாம். அங்கிருந்து நகருக்குப் பயணியர் ஃபெரி இருக்கிறது, மிதிவண்டியையும் அதிலேயே ஏற்றிக்கொள்ளலாம். கடைசி ஃபெரி எத்தனை மணிக்கு என்பதைக் காலையிலேயே பார்த்து எழுதிவைத்துக்கொண்டு, ஏறியவுடன் மேல்தளத்தில் வலப்பக்கமாக இடம் பிடியுங்கள். அத்தை கையில் மிச்சமிருந்த புளிச்சோற்றுப் பொட்டலத்தை அங்கேதான் பிரித்தார். ஃபெரி திரும்பிக் கரையை விட்டு விலகும்போது, காலையில் நடந்த பாலம் முழுதும் ஒரே பார்வையில் அடங்கும் அளவுக்குத் தெரியும்.